பழகாமல் பழக்க முடியாது

யாழ்ப்பாணத்தில் பிள்ளைகள் தவில் படிப்பதில்லை, பழகுகிறார்கள். வயலினும் அப்படித்தான், வாய்ப்பாட்டும் அப்படித்தான், சைக்கிளும் அப்படித்தான். நாம்பனை வண்டிலில் பூட்டுவதற்கு முன் அதைப் பழக்குகிறார்கள். பழகு தன்வினை, பழக்கு பிறவினை. இலக்கணப் புத்தகத்துக்கு இவ்வளவு போதும். ஆனால் ஒரு வாத்தியத்தோடு கொள்ளும் உறவுக்கும் ஒரு விலங்கோடு கொள்ளும் உறவுக்கும் ஒரே வேர் போதுமென்று மொழி எப்போதோ தீர்மானித்திருப்பது யோசிக்கத் தக்கது. புதுக் குதிரையை ஏறி ஓட்டத் தக்கதாக்கும் வேலைக்கு ஆங்கிலத்தில் வழங்கிவந்த சொல்லின் நேர்ப்பொருள் உடைத்தல். அந்தச் சொல்லில் உடைக்கிறவருக்கு எதுவும் நேர்வதில்லை. மாறவேண்டியது குதிரை மட்டுந்தான். தமிழ்ச் சொல்லிலோ பழக்குகிறவர் முதலில் பழகியாக வேண்டும். பக்கவாத்தியக்காரர் ஒருவர் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்க்கும் திறமையும், மேற்குநாடுகளில் அரை நூற்றாண்டாக ‘இயற்கைவழிக் குதிரைப் பழக்கம்’ என்ற பெயரில் பரவிவரும் முறை கேட்கும் திறமையும் அடிப்படையில் ஒன்றே என்று நினைக்கிறேன். குதிரைச் சவாரி வழக்கொழிந்துபோன ஒரு குடாநாட்டில் இதைப் பேசுவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் இந்தத் திறமையின் ஒரு பாதி இங்கே தலைமுறை தலைமுறையாக வளர்ந்திருக்கிறது. மறு பாதிக்கு உரிய விலங்கு நெடுந்தீவில் ஆளில்லாமல் மேய்ந்துகொண்டிருக்கிறது.

முதலில் பக்கவாத்தியம். இலங்கை வானொலியில் நிலைய வித்துவான் என்றொரு பதவி இருந்தது. மாதச் சம்பளத்துக்கு வேலை செய்யும் அந்த மிருதங்கக்காரரோ வயலின்காரரோ இன்று ஒருவருக்கு வாசிப்பார், நாளை இன்னொருவருக்கு. பாடகர் யார், எந்த ஊர்ப் பாணி, எந்த இடத்தில் எடுப்பு, எந்த வேகம் என்பதெல்லாம் ஒலிப்பதிவு அறைக்குள் நுழைந்த பிறகுதான் தெரியவரும். நேரமோ நிமிடக் கணக்கு. கோயில் திருவிழாவின் மேளச் செற்றிலும் நிலைமை இதற்குக் கிட்டத்தட்டத்தான். நாதஸ்வரக்காரர் அன்றைக்கு என்ன ராகத்தை எடுப்பார், எவ்வளவு நேரம் விரிப்பார் என்பது தவில்காரருக்கு முன்கூட்டிச் சொல்லப்படுவதில்லை. வலது கை விரல்களில் கூடும் இடது கையில் கழியுமாக நிற்கும் அவர் நாதஸ்வரக்காரரின் மூச்சைப் பார்க்கிறார், தோளைப் பார்க்கிறார், சீவாளி உதட்டிலிருந்து விலகும் கணத்தைப் பார்க்கிறார். அடுத்த சொற்கட்டு எங்கே விழ வேண்டும் என்பதை அந்த உடம்பிலிருந்தே வாசித்து எடுக்கிறார். பக்கவாத்தியக்காரரின் கெட்டித்தனத்தை அவருடைய வேகத்தைக் கொண்டு அளப்பது ரசிகர் வழக்கம். தொழிலுக்குள் இருப்பவர்கள் வேறொன்றைக் கவனிப்பார்கள்: எந்த இடத்தில் கையை எடுத்தார்? பாட்டு ஒரு நுட்பமான சங்கதிக்குள் நுழையும்போது விலகத் தெரியாத கைக்கு, எவ்வளவு கணக்குத் தெரிந்திருந்தாலும், மறுமுறை அழைப்பு வருவது அரிது.

இனிக் குதிரை. அமெரிக்க மேற்கில் மாட்டுப் பண்ணைகளில் வேலை செய்த பில் டொரன்ஸ், டொம் டொரன்ஸ் என்ற சகோதரர்களும் அவர்களைப் பின்பற்றிய ரே ஹண்ட்டும் இந்த முறைக்கு வழிகாட்டிகள் எனப்படுகிறார்கள். ‘இயற்கைவழி’ என்ற பெயர் 1980களில் பட் பரெல்லி போன்ற பிற்காலப் பயிற்றுநர்களால் பரவியது. முறையின் எலும்புக்கூடு மிக எளியது. குதிரை இரையாக வாழ்ந்து பழகிய விலங்கு. தலையின் இரு பக்கமும் கண் இருப்பதால் ஏறக்குறைய சுற்றுவட்டம் முழுவதையும் பார்க்கும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலுமே அதற்குப் பார்வை மறைவு. தோலில் ஓர் ஈ உட்கார்ந்தாலும் அந்த இடத்தை மட்டும் சிலிர்த்து உதறும். இவ்வளவு நுட்பமான உடம்புக்குச் சாட்டை தேவையில்லை. கயிற்றில் சிறிய இழுவை, விலாவில் காலின் சிறிய அழுத்தம், அல்லது நேரே நடந்து வருகிற ஓர் ஆள்: இவையே அதற்கு அழுத்தம். குதிரை கேட்ட திசையில் இம்மியளவு அசைந்தாலும், அசைய எண்ணினாலுங்கூட, அழுத்தத்தை உடனே விட்டுவிட வேண்டும். குதிரைக்குப் பாடம் அந்த விடுதலையில்தான் இருக்கிறது. அழுத்தம் ஒரு கேள்வி; விடுவது ‘ஓம், அதுதான்’ என்ற பதில். இரண்டு வினாடி தாமதித்து விட்டால் குதிரை வேறெதையோ கற்றுக்கொண்டுவிடும். அந்தப் பிழைக்குப் பொறுப்பு குதிரையல்ல.

இந்த வழிகாட்டிகள் தங்கள் கலையை விளக்கத் திரும்பத் திரும்பச் சொன்னவை மூன்று: உணர்தல், காலம், சமநிலை. எந்த மிருதங்க ஆசிரியரும் இந்தப் பட்டியலைத் தன்னுடையது என்றே சொல்வார். காலப்பிரமாணம் என்று நாம் சொல்வது வேகத்தை மட்டுமல்ல. இன்னொருவருடைய ஓட்டத்துக்குள் தன்னுடைய அடியை எங்கே வைப்பது என்ற அறிவையும் சேர்த்துத்தான். இந்த ஒப்புமை இன்று நேற்றுத் தோன்றியதுமல்ல. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றி நூல் எழுதிய கிரேக்கர் செனபோன், வற்புறுத்திச் செய்விக்கும் எதையும் குதிரை புரிந்து செய்வதில்லை என்றும், சாட்டையால் அடித்து ஆடவைக்கப்படும் கூத்தரிடம் எப்படி அழகு பிறக்காதோ அப்படியே குதிரையிடமும் பிறக்காது என்றும் வாதிட்டார். குதிரைக்கு உவமை தேடியவர் கலைஞரிடம் போய்ச் சேர்ந்தார். இரண்டு வேலைகளிலும் விளைவு இன்னொரு உயிரின் உடம்பிலிருந்து வரவேண்டியிருப்பதுதான் இந்த ஒற்றுமைக்குக் காரணம். நாதஸ்வரக்காரரின் மூச்சைத் தவில்காரர் விட முடியாது. குதிரையின் காலை மனிதர் தூக்கி வைக்க முடியாது. இருவராலும் முடிவது, அடுத்த அடியை மற்றவருக்கு எளிதாக்குவது மட்டுமே.

யாழ்ப்பாணத்துக்கும் குதிரைக்கும் உள்ள தொடர்பு விசித்திரமானது. குதிரைமுகம் கொண்ட சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடி அம்முகம் நீங்கப்பெற்றாள் என்பது ஐதீகம்; மா என்றால் குதிரை, அது விட்ட இடம் மாவிட்டபுரம். நம்முடைய பெயர்பெற்ற முருகன் தலங்களில் ஒன்று குதிரையை விட்ட கதையில் தொடங்குகிறது. அதன் பிறகு இங்கே நாம் அதிகம் பார்த்த குதிரை மரக்குதிரை. வேட்டைத் திருவிழாவில் சுவாமி குதிரை வாகனத்தில் எழுந்தருள, தூக்குகிறவர்கள் தோளை அசைத்து அதற்குப் பாய்ச்சலைக் கொடுக்க, முன்னால் மேளம் அந்த அசைவோடு சேர்ந்து போகும். உயிர்க்குதிரையைப் பேணும் அறிவு தென்னாட்டில் எப்போதுமே தட்டுப்பாடாக இருந்ததென்று தெரிகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, கப்பல் கப்பலாக வந்து இறங்கிய குதிரைகளில் பெரும்பாலானவை பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாமலே மாண்டன என்று எழுதிவைத்தார். நெடுந்தீவின் கதை இதற்கு மறுபக்கம். போர்த்துக்கேயர் காலத்தில் தொடங்கி ஒல்லாந்தர் காலத்தில் பெருகியதாகச் சொல்லப்படும் குதிரை வளர்ப்பை ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் நோலன் என்ற அதிகாரி கவனித்துவந்தார். பிறகு தேவை ஒழிந்தது, குதிரைகள் மிஞ்சின. முருகைக்கல் தூண்களோடு இடிந்து நிற்கும் லாயம் இன்று பார்வையிடம். குதிரைகளோ வெளியில், தீவின் தெற்குப் புல்வெளிகளில், தம் சொந்தக் கூட்ட ஒழுங்கில் வாழ்கின்றன. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மனிதரின் கயிறு தெரியாது.

இங்கே முதல் மறுப்பு எழும். இயற்கைவழி என்பதே ஏமாற்றுப் பெயர் அல்லவா? கயிறும் வட்டத் தொழுவமும் மனிதரின் விருப்பமும் இருக்கும் இடத்தில் என்ன இயற்கை? மறுப்புக்கு ஆய்வுச் சான்றும் உண்டு. வட்டத் தொழுவத்தில் குதிரையைத் துரத்தி, அது திரும்பிப் பார்க்கும் கணத்தில் நின்று, அதைத் தன்னை நோக்கி வரவைப்பது இம்முறையில் புகழ்பெற்ற ஒரு பயிற்சி. குதிரை தன்னைத் தலைவராக ஏற்றுக்கொண்டது என்று பயிற்றுநர்கள் பெருமைப்படுவார்கள். 2012இல் சிட்னிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொலைவிலிருந்து இயக்கும் விளையாட்டுக் காரை வைத்து இதையே செய்துபார்த்தார்கள். குதிரைகள் காரையும் நோக்கி வந்தன. காரைத் தலைவராக ஏற்கும் குதிரை உலகில் இல்லை. ஆகவே அங்கே வேலை செய்தது அழுத்தமும் விடுதலையும் மட்டுமே. இந்த முடிவை முழுமையாக ஏற்கிறேன். குதிரையோடு மனம்விட்டுப் பேசுகிறோம் என்ற வியாபாரப் பசப்பை அது உதிர்த்துவிடுகிறது. ஆனால் காலத்தின் அருமையை இன்னும் உறுதிப்படுத்துகிறது. கார் வென்றது சரியான கணத்தில் நின்றதால். தாளம் எண்ணித்தரும் மின்கருவியும் பிசகாமல் அடிக்கும். அதை வைத்துப் பயிற்சி செய்யலாம், அதோடு கச்சேரி செய்ய முடியாது. பாடகருக்கு மூச்சு முட்டும்போது அதற்குத் தெரியாது. பயந்த குதிரையையும் சலித்த குதிரையையும் நோயுற்ற குதிரையையும் கார் ஒரே மாதிரித்தான் துரத்தும். அந்த மூன்றையும் பிரித்தறிவது கணக்குக்கு அப்பாலுள்ள பயிற்சி. அதற்கு இயற்கை என்ற பெயர் பொருந்தாது. பழக்கம் என்பது பொருந்தும்.

இரண்டாவது மறுப்பு இசைப்பக்கத்திலிருந்து வரும். விலகி நிற்பதுதான் பக்கவாத்தியத்தின் மேன்மை என்றால் யாழ்ப்பாணத்துத் தவிலை எங்கே வைப்பது? இணுவில் விஸ்வலிங்கத்தின் மகனாகப் பிறந்து அளவெட்டியில் வாழ்ந்த வி. தட்சணாமூர்த்தி (1933–1975) வாசிக்கிறார் என்றால் கூட்டம் தவிலுக்காகவே வந்தது. பல தவில்கள் சேர்ந்து முழங்கும் தவில் சமாவை நள்ளிரவு கடந்தும் நின்று கேட்ட ஊர் இது. தவில் ஓங்கி நாதஸ்வரம் அமுங்கிப்போகிறது என்ற முணுமுணுப்பும் இங்கே பழையதுதான். நியாயமான மறுப்பு, முணுமுணுப்பிலும் உண்மை உண்டு. ஆனால் மென்மையைப் போற்றுவது என் நோக்கமல்ல. டொரன்ஸ் சகோதரர்களும் தேவையான இடத்தில் உறுதியாகவே கேட்டார்கள். கேட்ட பதில் வந்ததும் அந்த உறுதியைத் தொடராமல் விட்டார்கள் என்பதே வேறுபாடு. தட்சணாமூர்த்தியின் பெருமையைப் பேசுகிறவர்கள் வேகத்தோடு நிறுத்துவதில்லை. அந்த வேகத்திலும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்ததையும், நாதஸ்வரத்தின் போக்குக்கு அது ஊட்டம் கொடுத்ததையும் சேர்த்தே சொல்கிறார்கள். வலிமை குற்றமில்லை. எதிரே இருப்பவருக்கு இடமில்லாமல் செய்யும் வலிமைதான் குற்றம். கேட்கத் தெரிந்தவருக்கே முழங்கவும் உரிமை உண்டு. தனி ஆவர்த்தனம் கச்சேரியின் தொடக்கத்தில் வராமல், இவ்வளவு நேரம் துணை வந்த பிறகு வருவதில் ஒரு நீதி இருக்கிறது.

மூன்றாவது மறுப்புத்தான் கடினமானது. தவில்காரர் சம்மதித்து வருகிறார், சன்மானம் வாங்குகிறார், பிடிக்காவிட்டால் அடுத்த திருவிழாவுக்கு மறுக்கலாம். குதிரை எதற்கும் கையெழுத்து வைக்கவில்லை. இதற்கு முழுமையான பதில் என்னிடமில்லை. மேளக்காரரின் சம்மதமும் நம் சமூகத்தில் எப்போதும் முழுச் சுதந்திரமாக இருந்ததில்லை என்பதை நினைவூட்டலாம்: பிறப்பால் வந்த தொழில், மணிக்கணக்கில் வீதியில் நின்று வாசிப்பு, கலைக்குக் கிடைத்த மரியாதை கலைஞருக்குக் கிடைக்காத காலம். ஆனால் ஒரு அநீதியைக் காட்டி இன்னொன்றைச் சமப்படுத்த முடியாது. நான் சொல்லக்கூடியது இவ்வளவே: மறுக்க வாயில்லாத உயிரிடம் வேலை வாங்குகிறவர், அது உடம்பால் சொல்லும் மறுப்பை வாசிக்கக் கடமைப்பட்டவர். பின்னுக்குச் சாய்ந்த காது, இறுகிய தாடை, அடங்காமல் சுழலும் வால் ஆகியவை குதிரையின் ‘வேண்டாம்’. மாட்டு வண்டில் சவாரித் திடலில் துவரங்கேட்டியோடு பாயும் வண்டில்களைப் பார்த்து ஆர்ப்பரிக்கும் நமக்கும் இந்தக் கடமை உண்டு. நாணயக் கயிறு குத்திய நாம்பனும் உடம்பால் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. வகுப்பறையில் பிரம்போடு நின்று, பிள்ளை ஏன் வாயடைத்துப்போனது என்று கேட்கும் ஆசிரியருக்கும் இது பொருந்தும்.

அப்படியானால் நெடுந்தீவுக் குதிரைகளை இந்த முறையில் பழக்கிச் சுற்றுலாவுக்கு விடலாமே என்று யாராவது எழுந்து சொல்லக்கூடும். என் வாதம் போய்ச் சேரும் இடம் அதற்கு நேரெதிர். தீவின் ஒரு பகுதி 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பால் மழை பெய்துவிடாது. கடும் வறட்சி ஆண்டுகளில் அங்கே தண்ணீரின்றிக் குதிரைகள் சாகின்றன. குறிகட்டுவானிலிருந்து படகில் வந்து இறங்கும் பயணி குதிரையைத் தேடி வெளிக்குப் போகிறார், படமெடுக்கக் கிட்டே போகிறார். குதிரைகள் தலையை நிமிர்த்தி, சில அடி விலகி, மறுபடியும் மேயும். அந்தச் சில அடிதான் அவை நம்மிடம் கேட்கும் காலப்பிரமாணம். மேளச் செற்றில் சேரும் சிறுவன் முதலில் தவிலைத் தொடுவதில்லை. தாளத்தைக் கையில் வாங்கி, பெரியவர்களுக்குப் பின்னால் நின்று, எத்தனையோ திருவிழாக்களுக்கு அடியை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பான். நெடுந்தீவுக் குதிரைகள் விஷயத்தில் நாம் அந்தச் சிறுவன் நிற்கும் இடத்திலேயே இருக்கிறோம். தொட்டிகளில் கோடைக்கும் தண்ணீர் நிற்க வழி செய்துவிட்டு அந்தச் சில அடி தள்ளி நிற்கத் தெரிந்தால் இப்போதைக்குப் போதும். பழக்குவதைப் பற்றிப் பேச நாம் இன்னும் பழகவில்லை.