சாலிகிராமத்தில் கதை சொல்பவர்கள்

சாலிகிராமம் அருணாசலம் சாலையிலிருந்து பிரிகிற ஒரு தெருவில், இரண்டாவது மாடியில் இருக்கிறது அந்த அலுவலகம். வாசலில் பெயர்ப் பலகை கிடையாது. உள்ளே இரண்டு பாய், நான்கு பிளாஸ்டிக் நாற்காலி. சுவர் முழுக்க ஒட்டிய துண்டுச் சீட்டுகள், சீட்டுக்கு ஒரு காட்சி. சினிமாக்காரர்கள் இதை டிஸ்கஷன் ஆபீஸ் என்பார்கள். ஒரு படத்தின் கதையை மாதக்கணக்கில் பேசிப் பேசியே இங்கே உருவாக்குகிறார்கள். நான் போன அன்று அங்கிருந்த உதவி இயக்குநர்களில் ஒருவர்கூடத் திரைப்படக் கல்லூரியில் படித்தவரல்ல. ஒருவர் மணப்பாறையில் செல்போன் கடை நடத்தியவர். இன்னொருவர் பொறியியல் முடித்தவர். மூத்தவர் எட்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறார்.

தரமணியில் அரசுத் திரைப்படக் கல்லூரி இருக்கிறது. ஆனால் தமிழ் சினிமா இயக்குநர்களில் பெரும்பாலோர் இப்படிப்பட்ட அறைகளிலிருந்து வந்தவர்கள்தான். பாரதிராஜா, புட்டண்ணா கனகலிடம் உதவியாளராக இருந்தவர். அவர் இயக்கிய ‘16 வயதினிலே’ வந்தது 1977இல். பாரதிராஜாவிடம் உதவியாளராக இருந்த பாக்யராஜ் 1979இல் இயக்குநரானார். பாக்யராஜிடமிருந்து பார்த்திபனும் பாண்டியராஜனும் வந்தார்கள். பாலுமகேந்திரா புனே திரைப்படக் கல்லூரியில் படித்தவர். ஆனால் பாலா, வெற்றிமாறன், ராம் ஆகியோருக்கு அவருடைய அலுவலகமே கல்லூரியாக இருந்தது. உதவியாளர்களைச் சிறுகதை படிக்கச் சொல்லி, படித்த கதையின் சுருக்கத்தை எழுதி வாங்குவாராம். திரைக்கதை கற்க இதைவிட நல்ல வழியை நான் கேள்விப்பட்டதில்லை. ஒரு கதையில் எதை எடுத்தால் கதையே விழுந்துவிடும் என்பதைக் கை தானாகக் கற்றுக்கொள்கிறது.

மறுநாள் வளசரவாக்கத்தில் ஒரு ஷூட்டிங் வீட்டுக்கு என்னை அழைத்துப் போனார்கள். மணப்பாறைத் தம்பிதான் கிளாப். பலகையில் காட்சி, ஷாட், டேக் எண்களை எழுதி, கேமரா முன் நீட்டி, உரக்கச் சொல்லி, தட்டிவிட்டுச் சட்டென்று குனிந்து விலக வேண்டும். கட்டை மோதும் பிம்பத்தையும் அந்த ஓசையையும் வைத்துத்தான் எடிட்டிங்கில் படத்தையும் ஒலியையும் சேர்ப்பார்கள். எண் பிசகினால் எடிட்டர் மேசையில் ஒரு நாள் வீணாகும்.

அதைவிடக் கடினமான வேலை கன்டினியூட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் எதுவும் மாறாமல் பார்த்துக்கொள்வது. பொறியியல் படித்தவர் அதைப் பார்த்துக்கொண்டார். காட்சியில் ஓர் அம்மா, மகனுக்குக் காபி கொடுத்துக்கொண்டே பேசுகிறார். டம்ளரில் காபி எந்த அளவில் இருந்தது, எந்த வசனத்தில் மகன் அதைக் கீழே வைத்தான், அம்மாவின் முந்தானை செருகியிருந்ததா தொங்கியதா என்று அத்தனையும் நோட்டில் ஏறுகின்றன. ஷாட் முடிந்ததும் செல்போனில் ஒரு படம். “நோட்டு எதுக்கு, போட்டோ போதாதா தம்பி?” என்று கேட்டேன். “போட்டோவுல டம்ளர் இருக்கும்ணா. எந்த வார்த்தைக்குக் கீழ வச்சாருன்னு இருக்காது” என்றார். நடிப்பு வசனத்தின் எந்த இடத்தில் திரும்புகிறது என்பதை இவர் தினமும் எழுதிக்கொண்டிருக்கிறார். இயக்கம் என்பதன் பாதி இதுதான் என்று எனக்குப் பட்டது.

இரவு அறைக்குத் திரும்பியதும் மூத்தவர் தன் கதையை எடுத்தார். பைண்டு செய்த ஸ்கிரிப்ட் கையில் இருந்தாலும் அதைப் பிரிக்கவில்லை. நம் ஊரில் தயாரிப்பாளரும் ஹீரோவும் பெரும்பாலும் கதையைப் படிப்பதில்லை, கேட்கிறார்கள். ஆகவே இரண்டு மணி நேரம் தாள் பார்க்காமல் கதை சொல்லத் தெரிய வேண்டும். “ஓப்பன் பண்ணா...” என்று ஆரம்பித்தார். பஸ் நிலையம், விடிகாலை, கையில் அரிவாளைச் சுற்றிய துண்டுடன் ஒரு கிழவர். இன்டர்வெல் பிளாக் வரை யாரும் அசையவில்லை. அதற்குப் பிறகு ஒரு தம்பி கை செல்போன் பக்கம் போனது. கதை நின்றது. “எங்க விட்டுச்சு?” “அந்தத் தங்கச்சி வர்ற இடம்ணே.” விளக்கமும் இல்லை, வாதமும் இல்லை. அந்தக் காட்சிச் சீட்டைச் சுவரிலிருந்து உரித்தார். எட்டு வருடப் படிப்பின் பலனை அந்தக் கையில் பார்த்தேன்.

உதவி இயக்குநராக இல்லாமலும் வரலாம். கார்த்திக் சுப்புராஜ் மென்பொருள் வேலையில் இருந்துகொண்டே குறும்படம் எடுத்து, ‘நாளைய இயக்குனர்’ தொலைக்காட்சி நிகழ்ச்சி வழியாக 2012இல் ‘பீட்சா’வுக்கு வந்தார். அடுத்த ஆண்டே நலன் குமரசாமியின் ‘சூது கவ்வும்’. வங்கியில் வேலை பார்த்த லோகேஷ் கனகராஜ் 2017இல் ‘மாநகரம்’ எடுத்தார். ஆனால் இவர்களை மட்டும் காட்டி, வேலையை உதறிவிட்டு வா என்று யாரையும் அழைப்பது அநியாயம். குறும்படம் எடுக்கிற நாட்களிலும் வாடகை கட்ட வேண்டும்.

இந்த அறையின் தீராத துயரம் அந்த வாடகைதான். ஷூட்டிங் நடந்தால் பேட்டா என்கிற தினப்படி வரும். டிஸ்கஷன் நடக்கும் மாதங்களில் பலருக்குச் சாப்பாடும் டீயும்தான் சம்பளம். படம் நின்றுபோனால் அதுவும் இல்லை. மணப்பாறைத் தம்பிக்கு ஊரிலிருந்து அக்கா பணம் அனுப்புகிறார். அனுப்ப அக்கா இல்லாதவர்கள் எத்தனை பேர் ஊர் திரும்பியிருப்பார்கள்? பெண்களுக்கு இந்த வாசல் இன்னும் குறுகல். வாரக்கணக்கில் பாய் விரித்துத் தங்கும் இந்த ஏற்பாடே ஆண்களை மட்டும் மனதில் வைத்து உருவானது.

கதை எழுதும் தம்பி தங்கைகளே, யாரிடமும் கதை சொல்வதற்கு முன் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் அதைப் பதிவு செய்துவிடுங்கள். 2018இல் ‘சர்கார்’ படத்தின் கதை தன்னுடையது என்று எழுத்தாளர் வருண் ராஜேந்திரன் புகார் சொன்னபோது, 2007இல் பதிவாகியிருந்த ‘செங்கோல்’ கதைதான் அவர் கையில் ஆதாரமாக இருந்தது. தயாரிப்பாளர்களுக்கும் இயக்குநர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஹீரோவுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் அன்றே, டிஸ்கஷனில் உட்காரும் ஒவ்வொருவருக்கும் மாதச் சம்பளம் எவ்வளவு என்பதைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள்.