புல்வெளி பார்த்த வீடு

கிழக்கு பார்த்த வீடு, வடக்கு பார்த்த வீடு என்று தேடுகிறவர்களுக்கு நடுவே அவர் தேடியது புல்வெளி பார்த்த வீடு.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லர் நகரில் 14 வருடமாக வாடகை வீடு. சிப் தொழிற்சாலையில் வேலை. அங்கே சுற்றிலும் பாலைவனம். பல வீடுகளின் முன்பக்கத்தில் புல்லுக்குப் பதில் ஜல்லிதான் பரப்பியிருக்கும். அப்படிப்பட்ட ஊரில் ஒரு வீட்டின் பின்கதவைத் திறந்ததும் கண்ணுக்கு எட்டிய தூரம் பச்சை விரிந்தால் மனசு சும்மா இருக்குமா? விருத்தாசலத்தில் ரைஸ் மில்லின் பின்சுவரைப் பார்த்தபடி வளர்ந்தவர் அவர்.

“கோல்ஃப் மைதானம், நமக்குப் பராமரிப்புச் செலவே இல்லை. இதைவிட என்ன வேணும்?” என்றார்.

மனைவி உடனே பதில் சொல்லவில்லை. எதிர்வரிசையில் இருந்த அதே மாதிரி வீட்டைவிட இதன் விலை அதிகம். மகளின் கல்லூரிக்குச் சேர்த்த பணத்தில் கை வைத்தால்தான் முன்பணம் தேறும்.

“எனக்கு ஒரு வாரம் டைம் குடுங்க” என்றார். அவர் பத்திரம் எழுதுபவரின் மகள்.

சனிக்கிழமை காலை, ஏஜென்ட்டிடம் சொல்லிவிட்டு, காலியாக இருந்த அந்த வீட்டின் பின்பக்கம் போய் உட்கார்ந்தார். பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிக் காட்டினார். உள்ளே முழுக்க வெள்ளைப் பந்துகள். “இந்த வருஷத்து அறுவடை!” என்று சிரித்தார்.

அவர்தான் கணக்கைப் புரியவைத்தார். ஆடுபவர்களில் பெரும்பாலோர் வலது கைக்காரர்கள். பழக்கம் போதாதவர்கள் ஓங்கி அடித்தால் பந்து நேரே போகாமல் வலதுபக்கம் வளையும். ஆட்டம் தொடங்கும் மேடையில் நின்று பார்த்தால் வலதுகைப் பக்கமாக, 200 கஜ தூரத்துக்கு அக்கம்பக்கத்தில் இருக்கும் வீடுகள்தான் அதிகம் வாங்கிக் கட்டிக்கொள்ளும். இந்த வீடு இருந்தது சரியாக அங்கேதான். மேடைக்குப் பின்னால் இருக்கும் வீடுகளுக்கு அந்தத் தொல்லை குறைவு.

உயரமாகச் சுவர் எழுப்பலாமே? குடியிருப்போர் சங்கம் விடாது. காட்சி மறையக் கூடாது என்பதற்காக இடுப்பளவு கம்பி வேலிதான். வலை கட்டவும் அனுமதி வேண்டும். ஜன்னல் உடைந்தால் அடித்தவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். வருடம் முழுக்கப் பச்சையும் கிடையாது. குளிரில் பெர்முடா புல் பழுப்பாகிவிடும் என்பதால், இலையுதிர் காலத்தில் அதை ஒட்ட வெட்டிவிட்டு வேறு புல் விதைப்பார்கள். அது முளைக்கும்வரை சில வாரம் வெறும் தரைதான். புல்வெட்டும் இயந்திரமோ விடியற்காலை 5 மணிக்கே கிளம்பிவிடும்.

அன்று இரவு சங்கத்தின் விதிமுறைப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு அப்பாவை வீடியோ காலில் கூப்பிட்டார். மகள் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லச் சொல்ல, அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே கேட்டார். ஒரு இடத்தில் நிறுத்தினார். மைதானத்திலிருந்து வரும் பந்துகள் இந்த மனைக்குள் விழலாம், அதற்கு வீட்டுக்காரர் சம்மதிக்கிறார் என்று இருந்தது.

“நம்ம ஊர்ல நடைபாதைப் பாத்தியம், வண்டிப்பாதைப் பாத்தியம்னு எழுதுவோம்ல? அது மாதிரி இது பந்துப் பாத்தியம்மா. கையெழுத்துப் போட்டுட்டு அப்புறம் சண்டைக்குப் போக முடியாது” என்றார்.

அவர் விளையாட்டாகச் சொன்னது, நிஜமாகவே ஒரு குடும்பத்துக்கு நடந்திருந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கிங்ஸ்டன் ஊரில் 2017-ல் மைதானத்தை ஒட்டி வீடு வாங்கிய குடும்பம் அது. நாலே வருடத்தில் 650 பந்துகளுக்கு மேல் வந்து விழுந்தன. வழக்குப் போட்டார்கள். 2021-ல் ஜூரி, வட்டியோடு சேர்த்து ஏறக்குறைய 49 லட்சம் டாலர் இழப்பீடு தரச் சொன்னது. ஆனால், மறுவருடமே மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. காரணம், மனைப் பத்திரங்களில் மைதானத்துக்கு ஏற்கெனவே தரப்பட்டிருந்த உரிமை. அதை எப்படிக் கணக்கில் எடுப்பது என்று ஜூரிக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை என்றது நீதிமன்றம்.

அதே மாதிரிப் பத்திரம் காப்பாற்றிய கதையும் உண்டு, அதுவும் சாண்ட்லருக்குப் பக்கத்திலேயே. பீனிக்ஸின் அவாட்டூக்கி பகுதியில் ஒரு மைதானம் 2013-ல் மூடப்பட்டது. புல் காய்ந்தது, குளங்கள் வற்றின, வீடு கட்டி விற்கும் திட்டமும் வந்தது. அந்த நிலம் கோல்ஃப் மைதானமாகவே இருக்க வேண்டும் என்று பதிவான நிபந்தனையைக் காட்டித்தான் குடியிருப்பவர்கள் பல வருடம் வழக்காடினார்கள். மைதானத்தை மீட்டுத் தர வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஒரு ஊரில் அந்தக் காகிதம் வீட்டுக்காரருக்கு எதிராக நின்றது. இன்னொரு ஊரில் அவர்களுக்கு அதுதான் துணை. இரண்டு இடத்திலும் புல்வெளி அடுத்தவருடையது.

கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள், “அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் எத்தனை பந்து காட்டினார்?” என்று மட்டும் கேட்டார்.

“வாளி நிறைய. பாப்பா பின்னாடிதானே விளையாடுவா?”

அதற்குமேல் அவர் வாதாடவில்லை.

இரண்டு மாதம் கழித்து, அதே மைதானத்தில் மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு விலைக்கு வந்தது. ஒரு படுக்கையறை குறைவு. புல்வெளியும் அகலமாகத் தெரியாது, மரங்களுக்கு நடுவே ஒரு பட்டைதான். ஆனால் கிளப்பில் உறுப்பினராகக் கட்டாயமில்லை. மகளின் கல்லூரிப் பணத்தையும் தொட வேண்டியதில்லை. இந்த முறை பத்திரத்தை முதலில் படித்தது கணவர்.

பதிவு முடிந்த அன்று ஊருக்குப் போன் போட்டார்கள். வாழ்த்துச் சொல்வதற்கு முன்னால் அப்பா கேட்டது ஒன்றுதான். “அந்தப் புல்லு யாருதுன்னு எழுதியிருக்காம்மா?”

“எழுதியிருக்குப்பா. நம்மது இல்லைன்னு தெளிவா எழுதியிருக்கு.”

“அப்ப சரி. இனிமே நிம்மதியா உட்கார்ந்து பாருங்க” என்றார்.