கிராம் கணக்கில் வளரும் உயிர்கள்

"முதல்ல கையைக் கழுவிட்டு வாங்க சார், குட்டிங்களை அப்புறம் பாக்கலாம்" என்றார் அந்த அக்கா. பெரம்பூரில் ஒரு மாடி வீடு. ஆதரவற்ற பூனைகளை, தத்தெடுக்க யாராவது வரும்வரை தன் வீட்டில் வைத்துப் பராமரிப்பவர் அவர். 'ஃபாஸ்டர்' என்று இவர்களைச் சொல்கிறார்கள்.

வலையடித்த ஜன்னல் கொண்ட சின்ன அறை. துணி விரித்த அட்டைப்பெட்டியில் கண் திறக்காத மூன்று குட்டிகள் கத்திக்கொண்டிருந்தன. உடனே பால் புகட்டுவார் என்று நினைத்தேன். அவரோ ஒவ்வொரு குட்டியின் பாதத்தையும் வாயின் உட்புறத்தையும் தொட்டுப் பார்த்தார். "உடம்பு சில்லுனு இருந்தா பால் செரிக்காது. சூடு ஏத்தின பிறகுதான் பால்." முதல் வாரங்களில் குட்டியால் தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வைத்தார். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துகொள்ள இடம் வேண்டுமே!

பசும்பால் இந்த வீட்டுக் குட்டிகளுக்குக் கிடையாது. அது வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். இத்தனை சிறிய உடம்பில் நீர் வற்றினால் மீட்பது கடினம். பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால்பவுடரைக் கரைத்து, குட்டியைக் குப்புற வைத்தே புகட்டுகிறார். மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். புகட்டி முடித்ததும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே மெல்லத் தடவுகிறார். தாய் நக்கிவிடாமல் இந்த வயதுக் குட்டிக்குச் சிறுநீர்கூடப் போகாது. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் இதே வேலை.

அவருடைய முக்கியக் கருவி ஒரு சமையலறைத் தராசு. பிறக்கும்போது குட்டி ஏறக்குறைய 100 கிராம் இருக்கும். பிறகு நாளுக்கு 10 முதல் 15 கிராம் கூட வேண்டும். ஒவ்வொரு குட்டிக்கும் நோட்டில் தனிப்பக்கம். "ஒருநாள் ஏறலைன்னா கவனமா இருப்பேன். எறங்கிட்டா அன்னிக்கே டாக்டர்." பல நேரம் குட்டி சோர்வதற்கு முன்பே எடை காட்டிக்கொடுத்துவிடுகிறது. பாசத்தால் மட்டும் இவை பிழைப்பதில்லை, இந்த நோட்டால் பிழைக்கின்றன என்று எனக்குப் புரிந்தது.

வாசலிலேயே கைகழுவச் சொன்னதன் காரணம் 'பான்லூகோபீனியா' என்ற வைரஸ். தடுப்பூசி போடாத குட்டிகளைக் கூட்டமாகக் கொல்லும். வீட்டுக்குள் ஓராண்டு வரைகூட உயிர்ப்போடு இருக்கும். எல்லாக் கிருமிநாசினிக்கும் அடங்காது, ப்ளீச்சிங் கரைசல் வேண்டும். அதனால் புதிதாக வரும் குட்டிக்கு இரண்டு வாரம் தனியறை.

பால் மறக்கும் பருவத்தில் குட்டிகள் பக்கத்துத் தெருவிலுள்ள ஒரு கல்லூரி மாணவியின் வீட்டுக்குப் போகின்றன. இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம்வரை பழகுவதுதான் பூனைக்கு மனிதர்மேல் நம்பிக்கையாக ஊறும். ஆகவே குக்கர் விசில், மிக்ஸி, குழந்தைகளின் கூச்சல் எல்லாவற்றுக்கும் நடுவே அவற்றை விளையாட விடுகிறார். ஆறு முதல் எட்டு வாரத்தில் தடுப்பூசி தொடங்குகிறது. தத்துக் கேட்டு வருபவரிடம் கேள்விகள் தயார்: பால்கனிக்கு வலை உண்டா? வீட்டு உரிமையாளர் சம்மதித்தாரா? கருத்தடை செய்வீர்களா?

"குடுக்கும்போது அழுகை வரும் அங்கிள். ஆனா இதை வச்சுக்கிட்டா அடுத்த குட்டிக்கு எடம் இருக்காதே" என்றார் அந்தப் பெண்.

சென்னையில் 1959-இல் தொடங்கிய ப்ளூ கிராஸ் போன்ற காப்பகங்கள் இருக்கின்றன. ஆனால் கூட்டம் நிறைந்த இடம் எதுவானாலும் பச்சைக்குட்டிக்கு நோய்ப் பயம் உண்டு. இரவெல்லாம் ஒருவரே பக்கத்தில் இருக்கவும் முடியாது. அந்தக் கவனிப்பை ஒரு வீட்டால்தான் தர முடியும். தெருவில் குட்டிகளைக் கண்டால் உடனே தூக்கிவிடாதீர்கள். ஆபத்தில்லாத இடமென்றால் தாய் திரும்புகிறதா என்று தள்ளி நின்று பாருங்கள். வரவில்லையென்றால், ஒரு தனியறையும் சில வாரங்களும் தர முடிகிறவர்கள் முன்வாருங்கள். ஆயுள் முழுக்க வளர்க்க முடியாதவராலும் ஓர் உயிரைக் கரைசேர்க்க முடியும்.