ஹிரோஷிமாவில் கடைசி மூன்று நாட்கள்

யப்பானின் ஹிரோஷிமா நகரில் என் தங்கை குடும்பத்துடன் வசிக்கிறாள். அவளது கணவருக்கு அங்கேதான் வேலை. 2025 ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையில் அம்மாவையும் என் மகளையும் கூட்டிக்கொண்டு ஒரு கிழமை அங்கே போய் நின்றுவிட்டு வந்தேன். ரிக்கற் காசு தங்கை அனுப்பியது. அம்மாவுக்கு 74 வயது. அவ விமானத்தில் ஏறியது அதுவே முதல் தடவை.

முதல் நாட்கள் ஊர் பார்ப்பதில் போயின. மியாஜிமா தீவுக்குப் படகில் போனோம். கடலுக்குள் நிற்கும் அந்தப் பெரிய செந்நிற வாயிலையும் வீதியில் பயமில்லாமல் திரியும் மான்களையும் பார்த்து அம்மா சிறுபிள்ளை போலச் சந்தோஷப்பட்டா. ஆனால் நகரத்தின் நடுவில் இருக்கும் சமாதானப் பூங்காவுக்குப் போவோம் என்றால் மட்டும் ஒவ்வொரு நாளும் ஒரு சாட்டு. கடைசியில் வாய்விட்டே கேட்டுவிட்டா.

“சண்டையைப் பார்க்கவோ பிள்ளை இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் என் தம்பி எங்களை விட்டுப் பிரிந்தவன். இறந்துவிட்டான் என்று சொல்ல யாரும் இல்லை. இருக்கிறான் என்று சொல்லவும் யாரும் இல்லை. அம்மா விசாரணை என்று கூப்பிட்ட இடமெல்லாம் போய்ச் சாட்சி சொன்னவ. 2017 இல் கிளிநொச்சி வீதியோரத்தில் தாய்மார் போராட்டத்தைத் தொடங்கியபோது அவர்களோடு கொட்டிலில் இருந்தவ. இன்றுவரை அவனுக்குத் திவசம் செய்ய விடவில்லை.

திரும்பிவர மூன்று நாட்கள் இருந்தன. வியாழக்கிழமை காலை ட்ராம் வண்டியில் நகரத்துக்குள் போனோம். வீதியின் நடுவே தண்டவாளத்தில் ஓடும் மின்சார வண்டி அது. ஹிரோஷிமா ஆற்றுமுகத்தில் அமைந்த நகரம். ஓட்டா ஆறு ஆறு கிளைகளாகப் பிரிந்து ஊருக்குள்ளால் ஓடுகிறது. பாலத்துக்கு மேல் பாலமாக ட்ராம் போய்க்கொண்டே இருந்தது.

அந்த ட்ராமுக்கு ஒரு கதை உண்டு. யுத்த காலத்தில் ஆண்கள் எல்லோரும் படைக்குப் போனதால் வண்டி ஓட்ட ஆளில்லை. 1943 இல் ட்ராம் கம்பனி பெண்பிள்ளைகளுக்காக ஒரு பள்ளிக்கூடம் தொடங்கியது. பதின்ம வயதுப் பிள்ளைகள் அங்கே படித்துக்கொண்டே நடத்துனராகவும் சாரதியாகவும் வேலை செய்தார்கள். 1945 ஓகஸ்ட் 6 ஆந் திகதி காலை 8.15 இற்கு அமெரிக்க விமானம் அணுகுண்டைப் போட்டது. அந்த வருட முடிவுக்குள் மாத்திரம் சுமார் 140,000 பேர் இறந்தார்கள். குண்டு விழுந்து மூன்றாம் நாள், ஓகஸ்ட் 9 ஆந் திகதி, ஒரு சிறு பகுதியில் ட்ராம் மறுபடியும் ஓடியது. உயிர் தப்பிய அந்தப் பிள்ளைகளும் வேலைக்கு வந்தார்கள். யுத்தம் முடிந்ததும் அந்தப் பள்ளிக்கூடம் மூடப்பட்டது. ஆண்கள் திரும்பிவந்து வண்டிகளைப் பொறுப்பெடுத்தார்கள்.

தங்கை இதைச் சொல்ல அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தா. “ஓட்டத் தெரிஞ்ச பிள்ளையளை வீட்டை அனுப்பிப் போட்டினம்” என்று மட்டும் சொன்னா.

மத்தியானம் ஒகோனோமியாக்கி கடைக்குப் போனோம். கொத்துரொட்டி போடும் தட்டைப் போல நீளமான இரும்புத் தட்டில், கண்முன்னாலேயே செய்து தருகிறார்கள். மாவைக் கரைத்துத் தோசை போல மெல்லியதாக வார்த்து, அதன் மேல் ஒரு குவியல் கோவா, முளைத்த பயறு, நூடில்ஸ், முட்டை என்று அடுக்கடுக்காக வைத்து, இனிப்பும் புளிப்புமான ஒரு சோஸ் பூசுவார்கள். பன்றி இறைச்சி வேண்டாம் என்று தங்கை யப்பானிய மொழியில் சொல்லிவிட்டாள்.

யுத்தத்துக்குப் பிறகு அரிசி இல்லாத காலத்தில், அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமை மாவையும் மலிவான கோவாவையும் வைத்து வயிறு நிரப்பிய சாப்பாடு இது. புருசனை இழந்த பெண்கள் பலர் தங்கள் வீட்டு முன்பக்கத்திலேயே ஓர் இரும்புத் தட்டைப் போட்டு இதைச் செய்து விற்றுப் பிள்ளைகளை வளர்த்தார்கள். இந்த ஊரில் பல ஒகோனோமியாக்கி கடைகளின் பெயர் “ச்சான்” என்று முடியும். செல்லமாகப் பெயரோடு சேர்க்கும் சொல் அது. காணாமற்போனவர்கள் திரும்பி வந்தால் பெயரைக் கண்டு வீட்டைக் கண்டுபிடிக்கட்டும் என்றுதான் அந்தப் பெண்கள் தங்கள் பெயரையே கடைக்கு வைத்தார்கள் என்று ஊரில் ஒரு கதை சொல்வார்களாம்.

அம்மா முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டா. கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, “நாளைக்குப் பூங்காவுக்குப் போவம்” என்றா.

வெள்ளிக்கிழமை போனோம். அணுகுண்டு மண்டபம் எனப்படும் இடிந்த கட்டடம் ஆற்றங்கரையில் நிற்கிறது. 1915 இல் கட்டப்பட்ட காட்சி மண்டபம் அது. கூரைக் கம்பிகள் எலும்பு போல நிற்க, கட்டடத்தை விழவிடாமல் பாதுகாக்கிறார்கள். 1996 இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது. பூங்காவுக்குள் சிறுவர் நினைவுத்தூணும் உண்டு. இரண்டு வயதில் குண்டுக்குத் தப்பி, பத்து வருடம் கழித்து 1955 இல் இரத்தப் புற்றுநோயால் இறந்த சடாகோ சசாக்கி என்ற சிறுமியின் நினைவாக, அவளது வகுப்புத் தோழர்கள் முயன்று எழுப்பியது. கடதாசிக் கொக்குகள் மாலை மாலையாகத் தொங்கின. என் மகளும் ஒன்று மடித்து வைத்தாள்.

நூதனசாலைக்கு அப்போது நுழைவுக் கட்டணம் 200 யென். அம்மா உள்ளே வரவில்லை. வெளியே மரநிழலில் இருந்துவிட்டா. நானும் மகளும் போனோம்.

அங்கே கண்ணாடிக்குள் ஒரு சாப்பாட்டுப் பெட்டி இருக்கிறது. ஷிகேரு ஒரிமென் என்ற 13 வயது மாணவனுடையது. அந்நாட்களில் விமானக் குண்டால் தீ பரவாமல் தடுக்க வீடுகளை இடித்து வெளியாக்கும் வேலைக்கு மாணவர்களை அனுப்பினார்கள். அப்படிப் போன பிள்ளைகளில் சுமார் 6,000 பேர் குண்டால் இறந்தார்கள். ஷிகேருவின் தாய் மூன்று நாட்கள் தேடி அவனது உடலைக் கண்டெடுத்தா. அவன் உடலுக்குக் கீழே, அன்று காலை தாய் கட்டிக் கொடுத்த பெட்டி இருந்தது. சோறு கரியாகிவிட்டது. அவன் அதைத் திறக்கவேயில்லை.

என் மகளுக்கும் வயது 13. நானும் ஒவ்வொரு நாளும் அவளுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறவள். அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

வெளியே வந்தபோது அம்மா ஒரு செடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தா. “இஞ்ச பார், எங்கட அலரி” என்றா. உண்மைதான். எங்கள் வேலியோரத்தில் நிற்கும் அதே அலரி, பூத்துக் குலுங்கியது. 75 வருடத்துக்கு இந்த மண்ணில் ஒன்றும் முளைக்காது என்று அன்று சொன்னார்களாம். குண்டுக்குப் பிறகு முதலில் பூத்தவற்றில் அலரியும் ஒன்று என்பதால் 1973 இல் அதையே நகரத்தின் மலராக்கினார்கள். அம்மாவிடம் சொன்னேன். அவ இலையைத் தடவிக்கொண்டே, “அவன் என்னெண்டு கிடந்தவனாம், அந்தப் பெடியன்?” என்று கேட்டா. மகள் போய்ச் சொல்லிவிட்டாள் போலும். சாப்பாட்டுப் பெட்டியின் கதையை நானும் சொன்னேன். “தாய்க்குக் கிடைச்சதே” என்றா அம்மா.

சனிக்கிழமை கடைசி நாள். அது யப்பானியர்கள் இறந்தவர்களை நினைக்கும் ஓபோன் காலம். மற்ற ஊர்களில் இல்லாத ஒரு வழக்கம் ஹிரோஷிமாப் பக்கத்தில் உண்டு. மூங்கில் தடியில் கூம்பாக ஒட்டிய வர்ணக் கடதாசி விளக்குகளைக் கல்லறைகளில் நட்டு வைக்கிறார்கள். மயானமே திருவிழா போலத் தெரிந்தது. இடையிடையே வெள்ளை விளக்குகளும் நின்றன. அம்மா அதைக் காட்டிக் கேட்டா. அந்த வருடத்துக்குள் இறந்தவர்களுக்கு வெள்ளை, பழைய ஆட்களுக்கு வர்ணம் என்றாள் தங்கை.

“அப்ப எங்கட பிள்ளைக்கு எது?”

தங்கை என்னைப் பார்த்தாள். நான் மகளைப் பார்த்தேன். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

பின்னேரம் அம்மா தானாகவே மறுபடியும் பூங்காவுக்குப் போகக் கேட்டா. அங்கே புல் மூடிய ஒரு வட்ட மேடு இருக்கிறது. அதன் கீழ், அடையாளம் தெரியாத அல்லது கேட்டு வர ஆளில்லாத சுமார் 70,000 பேரின் சாம்பல் வைக்கப்பட்டிருக்கிறது. அவர்களில் 800 இற்கும் மேற்பட்டவர்களின் பெயர் தெரியும். ஆனால் உறவினர் கிடைக்கவில்லை. நகரசபை வருடந்தோறும் அந்தப் பெயர்களை அச்சிட்டு நாடெங்கும் அனுப்புகிறது. 80 வருடமாகியும் தேடுவதை நிறுத்தவில்லை.

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டா. பிறகு சொன்னா:

“இஞ்ச சாம்பல் கிடக்குது, தேடி வர ஆக்கள் இல்லை. அங்க நாங்கள் தேடுறம், சாம்பலும் இல்லை.”

அவ அழவில்லை. அழுதது நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அதிவேகப் புகையிரதத்தில் டோக்கியோவுக்கு வெளிக்கிட்டோம். ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம். வழியில் தங்கை சொன்ன ஒன்றை யோசித்துக்கொண்டு வந்தேன். குண்டில் தப்பியவர்கள் பலர் வருடக்கணக்காக வாயே திறக்கவில்லையாம். சொன்னால் பிள்ளைகளுக்குக் கலியாணம் நடக்காது, வேலை கிடைக்காது என்ற பயம். பிறகு மெல்ல மெல்லப் பேசத் தொடங்கினார்கள். 1956 இல் அவர்கள் அமைத்த ஹிடான்கியோ என்ற சங்கத்துக்கு 2024 இல் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. இப்போது அவர்களின் சராசரி வயது 85 ஐத் தாண்டிவிட்டது. அவர்களுக்குப் பிறகும் கதை சொல்ல ஆள் வேண்டுமென்று, 2012 முதல் நகரசபை மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறது. அவர்கள் ஒருவரின் கதையை அவரிடமே கேட்டுப் படித்து, அவருக்காகச் சொல்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்து அம்மா அலுமாரியைத் திறந்து தம்பியின் பொலித்தீன் பையை எடுத்தா. அடையாள அட்டைப் பிரதி, பாடசாலைத் தேர்ச்சி அறிக்கை, ஒரு சேட்டு. இத்தனை வருடமும் விசாரணைக்கென்று மட்டும் வெளியே வந்த பை அது. என் மகளைப் புதுக் கொப்பி ஒன்று கொண்டுவரச் சொன்னா.

“நான் சொல்லுறன், நீ எழுது. முதல்ல மாமான்ர பேர். பிறகு அவன் என்ன சாப்பாடு விரும்புவான் எண்டு எழுது. விசாரணைக்காரர் ஒருநாளும் அதைக் கேக்கேல்லை.”

திவசத்தைப் பற்றி அவ இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கொப்பியில் இப்போது இருபது பக்கம் எழுதியாகிவிட்டது. சகோதரிகளே, உங்கள் வீட்டு அலுமாரியிலும் அப்படி ஒரு பை இருக்கலாம். ஒரு கொப்பியும் எழுதத் தெரிந்த ஒரு பிள்ளையும் இருந்தால் போதும்.