வெற்று வானத்தில் கிடைத்த சிக்னல்

ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது, பிரபஞ்சத்தில் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சில வாரங்கள் நம்பிக்கொண்டிருந்தேன். அவ்வளவு கர்வத்தோடு நான் கேன்டீனுக்குள் நுழைந்தது அப்போது மட்டும்தான்.

2013-இல் ஐரோப்பிய விண்வெளி முகமையின் பிளாங்க் விண்கலம் எடுத்த வரைபடங்கள் வெளியாகின. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். பெருவெடிப்புக்கு ஏறக்குறைய 3,80,000 ஆண்டுகள் கழித்துப் புறப்பட்ட ஒளியின் படம் அது. இன்று அதன் வெப்பநிலை 2.725 கெல்வின். இடத்துக்கு இடம் லட்சத்தில் ஒரு பங்கு அளவில் ஏற்ற இறக்கம். வழியில் குறுக்கிடும் விண்மீன் திரள்களும் கரும்பொருளும் தம் ஈர்ப்பால் அந்த ஒளியை இரண்டரை ஆர்க்மினிட் அளவுக்கு வளைத்துவிடுகின்றன. முழு நிலவின் அகலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான். இந்த வளைவைத்தான் லென்ஸிங் என்கிறோம்.

பழைய ஜன்னல் கண்ணாடி வழியே எதிர்வீட்டுச் சுவர் நெளிந்து தெரிந்தால், கண்ணாடி எங்கே தடித்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம் இல்லையா? அதே வழிதான். வளையாத பின்னணி ஒளி, புள்ளியியல் கணக்கில் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இருக்கும். அதன் சூடான, குளிர்ந்த திட்டுகள் ஓரிடத்தில் விரிந்தும் இன்னோரிடத்தில் சுருங்கியும் இருந்தால் நடுவே நிறை இருக்கிறது. அந்த வேறுபாட்டைத் தேடி நிறையின் வரைபடமாக மாற்ற ஒரு நிரல் எழுதினேன்.

வானத்தின் பெரிய பெரிய பகுதிகளில் கோட்பாடு சொன்னதைவிடப் பல மடங்கு சிக்னல் வந்தது. பிளாங்க் குழுவின் முதல் முடிவுகளிலேயே லென்ஸிங் எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் கூடுதலாகத் தெரிந்ததால், எனக்கு அது போதுமானதாக இருந்தது. ஒரு மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்பிவிட்டேன்.

ஒத்திகையின்போது ஜூனியர் பெண் ஒருத்தி கேட்டாள்: "அண்ணா, லென்ஸிங்கே இல்லாத சிமுலேஷன்ல ஓட்டிப் பாத்தீங்களா?"

"அதெல்லாம் ஆரம்பத்துலயே பாத்தாச்சும்மா" என்றேன். பார்த்திருந்தேன்தான். மாஸ்க் போடாத முழு வானத்தில்.

பால்வெளியின் தூசியும் மைக்ரோஅலையில் ஒளிரும். அதனால் வானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை மாஸ்க் போட்டு மறைத்துவிட்டுத்தான் கணக்கைத் தொடங்குவோம். அவள் கேள்விக்கு ஒரு படமும் சேர்த்துவிடலாமே என்று ஒரு ராத்திரி, லென்ஸிங் இல்லாத செயற்கை வானத்தை அதே மாஸ்க்கோடு ஓட்டினேன். எதுவும் வரக் கூடாது. வந்தது. முதலில் தவறான ஃபைலைத் திறந்துவிட்டதாக நினைத்தேன். பெயரைச் சரிபார்த்தேன். மறுபடி ஓட்டினேன். அதே இடங்களில் அதே சிவப்பு, அதே நீலம். கடைசியாக மாஸ்க்கின் ஓரக்கோட்டை மேலே வரைந்து பார்த்தேன். சிவப்பும் நீலமும் அந்தக் கோட்டை ஒட்டியே ஓடின. நான் வெட்டிய இடத்தில் வானம் சட்டென்று மாறுகிறது. அந்த மாற்றத்தை என் நிரல் நிறை என்று படித்திருக்கிறது. அதுநாள்வரை ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தது என் கத்தரிக்கோலின் தடத்தை.

இது துறையில் தெரிந்த சங்கதி. நிறைய சிமுலேஷன்களை ஓட்டி, சராசரியாக வரும் பொய்ச் சிக்னலைக் கழித்துவிட வேண்டும். அதை விளக்கும் கட்டுரையைப் படித்திருந்தேன். அந்த வரியின் கீழ் கோடுகூடப் போட்டிருந்தேன். கழித்துப் பார்த்தால் என் கண்டுபிடிப்பு கோட்பாட்டின் வளைகோட்டில் சமர்த்தாகப் போய் உட்கார்ந்தது.

கைடு திட்டவில்லை. "சுருக்கத்தைத் திரும்ப எடுத்துக்கறதா நீங்களே மெயில் எழுதிடுங்க" என்றார். எழுதினேன். பயணம் போயிற்று, பல மாத உழைப்பு போயிற்று. அந்த ஜூனியர் பெண் அதற்குப் பிறகு என்னிடம் கேள்வி கேட்பதை நிறுத்திக்கொண்டாள். அது மட்டும் இன்னும் உறுத்துகிறது.

2023-இல் சிலியின் அட்டகாமா தொலைநோக்கிக் குழு, வானத்தின் கால்பங்குக்கு இதே போன்ற நிறை வரைபடம் வெளியிட்டது. சோதனைகள் எல்லாம் தேறும்வரை இறுதி முடிவைத் தங்கள் கண்ணிலேயே படாமல் மூடி வைத்திருந்தார்கள். பிறகு திறந்து பார்த்தபோது, 2.3 சதவீதத் துல்லியத்தில், கோட்பாடு சொன்ன இடத்திலேயே விடை இருந்தது.