அடுப்படியில் ஒரு பாடம்

கோபே நகரில் 1935இல் திறக்கப்பெற்ற, ஜப்பானின் முதல் பள்ளிவாசலில் இஷா தொழுதுவிட்டுத் திரும்பினேன். வழி தவறி அலைந்ததில் நள்ளிரவு நெருங்கிவிட்டது. திறந்திருந்தது ஒரு சிறிய சீன உணவகம் மட்டுமே. இது என்ன கறி என்று கேட்கவேண்டுமென்ற நினைவைப் பசி அடக்கிற்று. பக்கத்தில் இருந்தவர் உண்ட ராமென் நூடுல்ஸைச் சுட்டினேன்.

என் தொப்பியைக் கண்ட சமையற்காரர், கொதிக்கும் சாற்றைக் காட்டி, தாளில் ஒரு பன்றியை வரைந்து, வேண்டாமெனக் கையசைத்தார். கொழுக்கட்டை போன்ற கியோசாவின் பூரணமும் அதுவே என்று சைகையால் உணர்த்தினார். பின்பு வெறுஞ்சோறும் அவித்த முட்டையும் வைத்தார்.

முப்பதாண்டுகள் பிள்ளைகளுக்கு ஹலால், ஹராம் ஓதிக்கொடுத்தவன் கேட்கவில்லை. அச்சொற்களையே அறியாதவர் சொன்னார். அமானிதத்தின் பொருளை அன்றிரவு அந்த அடுப்படியில் பாடங்கேட்டேன்.