குளிரில் காத்திருக்கும் ரத்தம்

1959-ல் ஆப்பிரிக்காவின் லியோபோல்ட்வில் நகரத்தில், அதாவது இன்றைய கின்ஷாசாவில், ஓர் ஆணிடம் கொஞ்சம் ரத்தம் எடுத்தார்கள். பெயர் தெரியாது. எடுத்தது ஏதோ மரபணு ஆராய்ச்சிக்காக. வேலை முடிந்ததும் மிச்சத்தைக் கொட்டிவிடாமல் யாரோ ஒரு புண்ணியவான் உறைய வைத்தார்.

எய்ட்ஸ் என்றொரு வியாதி இருப்பதே டாக்டர்களுக்கு 1981-ல்தான் தெரியவந்தது. 1986-ல் பழைய ஆப்பிரிக்க ரத்த மாதிரிகளைத் தேடி எடுத்துச் சோதித்தபோது, இந்த மனிதரின் ரத்தத்தில் எச்.ஐ.வி. தடயம்! 1998-ல் அந்த வைரஸின் மரபணுத் துணுக்குகளைப் படித்தார்கள். அதே ஊரில் 1960-ல் எடுத்து மெழுகில் பதித்து வைத்த ஒரு பயாப்ஸித் துண்டும் பிறகு கிடைத்தது. இரண்டையும் ஒப்பிட்டு, வைரஸ் மனிதர்களிடையே பரவத் தொடங்கியது 1908-ஐ ஒட்டி இருக்கலாம் என்று 2008-ல் கணக்குச் சொன்னார்கள்.

ஊசி குத்திய அன்றைக்கு யாருக்குமே தோன்றியிராத கேள்வி. பதில் மட்டும் ஃப்ரீஸரில் பத்திரமாகக் காத்திருந்தது.

'பயோபேங்க்' என்பதன் ஆதாரத் தத்துவம் இதுதான். பிரிட்டனில் 2006 முதல் 2010 வரை, 40-லிருந்து 69 வயதுக்குட்பட்ட ஐந்து லட்சம் பேரிடம் ரத்தம், சிறுநீர், எச்சில் வாங்கி வைத்தார்கள். அவர்களுக்குப் பின்னாளில் என்னென்ன வியாதி வருகிறது என்று கூடவே பார்த்துக்கொண்டு வருகிறார்கள்.

வாங்கி வைப்பது அப்படியொன்றும் சுலபமில்லை. ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்து, சின்னச் சின்னக் குப்பிகளாக்கி, பார்கோடு ஒட்டி, மைனஸ் 80 டிகிரியிலோ, திரவ நைட்ரஜனின் மைனஸ் 196 டிகிரியிலோ வைக்க வேண்டும். ஏன் சின்னக் குப்பி? நம் பாட்டிமார்களுக்குத் தெரியும். பெரிய ஜாடி ஊறுகாயில் தினம் கரண்டி விடமாட்டார்கள். வேண்டியதைச் சின்னப் பாட்டிலில் எடுத்துக்கொண்டு ஜாடியைக் கட்டிவிடுவார்கள். ரத்தத்தையும் உருக்கி, உறையவைத்து, மறுபடி உருக்கினால் உள்ளே இருக்கும் சமாசாரங்கள் சிதைந்துவிடும்.

ஃப்ரீஸரை நம்பியும் தூங்க முடியாது. பாஸ்டன் அருகே மெக்லீன் ஆஸ்பத்திரியில் இருந்த ஹார்வர்டின் மூளை வங்கியில், 2012-ல் ஒரு ஃப்ரீஸர் மௌனமாகச் செத்துப்போனது. அலாரம் அடிக்கவில்லை. வெளியே மீட்டர் மைனஸ் 79 என்று சாதித்துக்கொண்டிருந்தது. உள்ளே சுமார் 150 மூளைகள் உருகிப் போயின. அதில் மூன்றில் ஒரு பங்கு ஆட்டிஸம் ஆராய்ச்சிக்கானவை. இறந்துபோனவர்களின் குடும்பத்தார் துக்கத்துக்கு நடுவில் சம்மதித்துக் கொடுத்தவை.

மெஷின் கெட்டால் ரிப்பேர் செய்யலாம். நம்பிக்கை கெட்டால்?

அமெரிக்காவில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் அடியில் ஹவாசுபாய் என்று ஒரு சின்னப் பழங்குடி. அவர்களில் நிறையப் பேருக்குச் சர்க்கரை வியாதி. 1990-லிருந்து அரிசோனா ஸ்டேட் யூனிவர்சிட்டிக்காரர்கள் வந்து, சுமார் இருநூறு பேரிடம் ரத்தம் வாங்கினார்கள். 'சர்க்கரைக்கு ஏதாவது வழி பிறக்கும்' என்று கை நீட்டினார்கள் ஜனங்கள். அதே ரத்தத்தை மனச்சிதைவு ஆராய்ச்சிக்கும், சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் செய்துகொள்வதை அலசவும், மூதாதையர்கள் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்று காட்டவும் பயன்படுத்தியது பின்னால் தெரியவந்தது. 'இந்தப் பள்ளத்தாக்கில்தான் நாங்கள் தோன்றினோம்' என்பது அவர்கள் நம்பிக்கை. கோர்ட்டுக்குப் போனார்கள். 2010-ல் சமரசம். 41 பேருக்கு ஏழு லட்சம் டாலர். கூடவே, மிச்சமிருந்த ரத்தத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள்.

'கின்ஷாசாக்காரரிடம் மட்டும் எய்ட்ஸ் சோதனைக்கு அனுமதி கேட்டார்களா?' என்று நீங்கள் மடக்கலாம். நியாயம்தான். 1959-ல் அந்த வியாதிக்குப் பெயரே கிடையாது, எப்படிக் கேட்பது? அதுதான் இதில் உள்ள சிக்கல். நாளைய கேள்விக்குப் பயன்படுவதால்தான் மாதிரிக்கு மதிப்பு. அந்த நாளைய கேள்விக்கு இன்றைக்கே முழுசாகச் சம்மதம் வாங்க முடியாது. ஆனால் ஹவாசுபாய்க்காரர்கள் அதே பள்ளத்தாக்கில்தான் இருந்தார்கள். ஒரு நடை போய்க் கேட்டிருக்கலாம்.

நம் நாட்டுக்கும் இது தூரத்து விஷயமல்ல. 'ஜீனோம் இந்தியா' திட்டத்துக்காகச் சேகரித்த சுமார் 20,000 ரத்த மாதிரிகள் பெங்களூர் ஐ.ஐ.எஸ்ஸி. வளாகத்து பயோபேங்க்கில் சேமிக்கப்பட்டன. ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைகள் தெளிவாகவே சொல்கின்றன: மாதிரி, கொடுத்தவருக்குச் சொந்தம். வைத்திருக்கும் நிறுவனம் வெறும் காப்பாளர். கொடுத்தவர் வேண்டாமென்றால் திரும்பப் பெறலாம். அடையாளத்தை அறவே நீக்கிவிட்டால் மட்டும் முடியாது. எந்தக் குப்பி யாருடையது என்று அவர்களுக்கே தெரியாதே!

பேங்க் என்று பெயர் வைத்தால் போதுமா? பணம் போட்டவனுக்கு பாஸ்புக் தருகிறார்கள். ரத்தம் போட்டவனுக்கும் ஒரு வரி கணக்காவது சொல்ல வேண்டாமா?

எப்போதாவது ஆஸ்பத்திரியில், 'ஆராய்ச்சிக்குக் கொஞ்சம் ரத்தம் தருவீர்களா சார்?' என்று ஃபாரம் நீட்டினால், தயங்காமல் கொடுங்கள். உங்கள் பேரனுக்கு உதவலாம். கையெழுத்துக்கு முன்னால் மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள்: வேறு ஆராய்ச்சிக்கும் எடுப்பீர்களா? எடுத்தால் என்னிடம் சொல்வீர்களா? நான் மனசு மாறினால் யாரைப் பார்க்க வேண்டும்?

நர்ஸ் முறைத்தால் பரவாயில்லை. ரத்தம் உங்களுடையது.